உடைக்காத எலும்புகள்

கல்முனைக்குடியில் முஸ்பிறாவின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். குரங்குப்பல்லு முஸ்பிறா என்று கேட்டுப் பாருங்கள், முச்சக்கர வண்டிக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஊர் வைத்த பேர் அது. அவளுக்கு அதில் கோபமும் இல்லை, கோபப்பட நியாயமும் இல்லை. சில வருடங்களாக அவள் செய்துவருவது குரங்குப் பல்லைப் பார்ப்பதுதான்.

அம்பாறைக்கு உட்புறம், காடு தொடங்குகிற இடத்தில் வௌவால் மலை என்று ஒரு பாறைத் தொடர். அதன் அடியில் ஒரு குகை. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் அந்தக் குகையில் வேட்டைக்காரர் குடியிருந்திருக்கிறார்கள். அவர்கள் தின்று போட்ட எலும்பெல்லாம் சாம்பலோடு சாம்பலாக மண்ணுக்குள் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து, பெட்டி பெட்டியாகப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அடுக்கிவிட்டார்கள். பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அப்படித்தான் முஸ்பிறா வந்து சேர்ந்தாள். மந்தியின் கடைவாய்ப் பல் கூரான மேடுகளோடு இருக்கும், இலை அரைக்கிற பல். செங்குரங்கின் பல் மழுங்கலாக இருக்கும், பழம் நசுக்குகிற பல். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவாள். முள்ளம்பன்றி, மரநாய், சருகுமான், அணில் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. ஆனால் அதிகம் இருந்தது குரங்குதான்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரே கேள்வி. மனுசன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொல்லித் தருகிறார்களா?

"நான் பாக்கிறது மனுசன் திண்ட குரங்க," என்பாள் முஸ்பிறா. "குரங்கிலிருந்து வந்த மனுசன இல்ல."

"அப்ப வாலில்லாக் குரங்கு ஒண்டும் கிடைக்கல்லயா?"

"இந்தத் தீவில தேவாங்க உட்டா, வாலில்லாம இரிந்தது நாம மட்டும்தான்."

அவளுடைய வாப்பா காலிதீன் ஒரு போடியார். வயலும் நெல்லுமாக வாழ்ந்த மனுசன். மகளின் படிப்பு அவருக்கு முழுசாக விளங்கியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாராவது கேலி செய்தால், "என்ட மகள் எலும்பக் கண்டா அதுட வரலாறு சொல்லுவாள், நீ உன்ட வாப்பாட வரலாறு சொல்லு பாப்பம்," என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் அவளுக்கு அந்த ஆடு கிடைத்தது.

முதலில் அதை மான் என்றுதான் நினைத்தாள். தாடையைத் துடைத்துப் பார்த்தபோது மான் இல்லை என்று தெரிந்தது. வெள்ளாடு. இந்த நாட்டுக் காட்டில் வெள்ளாடு ஒருபோதும் இருந்ததில்லை. வெளியிலிருந்து மனிதன் கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட ஆடு, குரங்கு வேட்டைக்காரரின் சாம்பலுக்குள், பல்லாயிரம் வருடப் பழைய கரித்துண்டுகளுக்குப் பக்கத்தில் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம்? புத்தகங்களைத் திருத்தி எழுத வேண்டிவரும் என்பதுதான் அர்த்தம். வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்குத் தாடையின் படம் அனுப்பினாள். ஆட்டின் வயது உறுதியானால் கலாநிதிப் பட்டத்துக்கு அவளை அங்கே எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஆடு பழையதென்றால் முஸ்பிறாவுக்குப் பயணம். இல்லையென்றால் திரும்பவும் குரங்குப் பல். அவ்வளவு வெளிப்படையான விஷயம்.

ஆட்டில் வேறு இரண்டு புதுமைகளும் இருந்தன. குகையிலிருந்து வந்த மற்ற எலும்பெல்லாம் உடைந்தவை. உள்ளே இருக்கிற கொழுப்பான மச்சைக்காக அந்த வேட்டைக்காரர் ஒரு எலும்பை விட்டுவைக்கவில்லை. குரங்கின் தொடையெலும்பைக்கூட உடைத்து உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை ஊசியாகத் தீட்டியிருந்தார்கள். ஆட்டில் மட்டும் ஒரு எலும்பும் உடையவில்லை. மூட்டு மூட்டாகக் கழற்றியிருந்தார்கள். வெட்டுக் கீறலெல்லாம் மூட்டுகளில் மட்டும். அடுத்த புதுமை, வலது பின்கால் இடுப்பிலிருந்து குளம்பு வரை காணவில்லை. மற்ற மூன்று காலும் பத்திரமாக இருந்தன.

ஏன்? முஸ்பிறா சாப்பிடும்போதும் அதைத்தான் யோசித்தாள், பஸ்ஸில் வரும்போதும் அதைத்தான் யோசித்தாள். அதுவரை கண்டிராத விலங்கைக் கண்டு அந்த மனிதர் மரியாதை செய்திருப்பார்களோ? அந்தக் காலை எதற்காவது காணிக்கை வைத்திருப்பார்களோ? யோசிக்க யோசிக்க அவளுக்கு ருசி கூடியது.

பேராசிரியர் தனஞ்சயன் திருக்கோவில்காரர். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்பாத ஆள். "இந்தக் கீறல் இரும்புக் கத்தி பட்டதுபோலக் கிடக்கே பிள்ள," என்று ஒருநாள் சொன்னார்.

"பளிங்குக் கல்லுச் சீவலும் இப்பிடி வெட்டும் சேர்," என்று முஸ்பிறா வாதாடினாள்.

"வெட்டும்தான். ஆனா பிறகு ஆரோ குழி தோண்டிப் புதைச்சும் இருக்கலாம். அந்தச் சாம்பல் மண்ணில குழியின்ட விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. கரியின்ட வயசு ஆட்டின்ட வயசில்ல. எலும்பையே அனுப்பிப் பாப்பம்."

அவர் சொன்னது சரி. ஆசை இருக்கிற இடத்தில் சரியான பேச்சு காதில் ஏறுவதில்லை. என்றாலும் சொன்னபடி செய்தாள். இடது பின்காலின் கணைக்காலெலும்பை எடுத்து, சின்ன ரம்பத்தால் நடுவில் அறுத்து, துண்டைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினாள். முடிவு வரச் சில மாதமாகும் என்றார்கள். பழையது, பழையது என்று அவள் மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் தங்கச்சி ஸப்னாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. கல்முனைக்குடி வழக்கப்படி உம்மாவின் வீடு ஸப்னாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. மூத்தவளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், ஆனால் மூத்தவள் குரங்கோடு குடும்பம் நடத்துகிறாள் என்று ஊர் சிரித்தது. ஏழாம் நாள் முடி இறக்கி, பேர் வைத்து, அகீகா கொடுக்க ஏற்பாடானது. பிள்ளை பிறந்த நன்றிக்கு ஆடு அறுத்துப் பங்கிடுவது. பெண்பிள்ளைக்கு ஒரு ஆடு, ஆண்பிள்ளைக்கு இரண்டு.

முஸ்பிறா சமையலில் கெட்டிக்காரி இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததால், பெரிய சட்டியைக் கிண்டுகிற வேலையை மட்டும் அவளுக்குக் கொடுத்தார்கள். சட்டிக்கு மூடி போட்டாள். மூடி பொருந்தவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்திப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் சரிவரவில்லை.

"மாமி, இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்று பக்கத்து வீட்டு உம்மு மாமியைக் கேட்டாள்.

"ஆட்டுக்கால்தான் புள்ள. உடைக்காமப் போட்டா மூடி எப்பிடி மூடும்?" உம்மு மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். "அகீகா ஆட்டுட எலும்ப உடைக்கப்படா. மூட்டு மூட்டாத்தான் கழட்டோணும். அப்பதான் புள்ளட கை கால் நல்லா இரிக்கும். திண்ட பொறகு எலும்ப நாய்க்குப் போடாம மண்ணுக்குள்ள தாக்கோணும். இதுவும் தெரியாதா ஒனக்கு?"

தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். எத்தனை வீட்டு அகீகா இறைச்சியைத் தின்றிருக்கிறாள். ஆனால் தெரிந்த விஷயம் தலைக்குள் ஒரு மூலையில் கிடக்கும், தேவையான நேரத்தில் எழும்பி வராது. முஸ்பிறா அகப்பையால் அந்தக் காலைத் தூக்கி, சுடச்சுட விரலால் பிடித்துப் பார்த்தாள். முழு எலும்பு. மூட்டில் மட்டும் கத்திக் கீறல், அவள் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அதே கீறல்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து உம்மு மாமி பயந்துவிட்டாள். "என்ன புள்ள, கை சுட்டுட்டா?"

"சுட்டுட்டு மாமி," என்றாள் முஸ்பிறா. கையைச் சொல்லவில்லை.

இதைச் சொல்லத்தான் வேண்டும்: பிழை அவளுடைய படிப்பில் இல்லை. கடற்கரைக்காரர் எல்லோருக்கும் இருக்கிற பிழைதான் அவளுக்கும் இருந்தது. நாங்கள் கடலையும் வயலையும் கடையையும் நம்பி வாழ்கிற ஆட்கள், காட்டுக்கும் குகைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்கிற எண்ணம். குகையில் ஆட்டெலும்பைக் கண்டதும் ஆதிமனிதன் ஞாபகத்துக்கு வந்தான், சொந்த ஆட்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் மட்டும் இந்த ஊரில் பிறக்காமல் இருந்திருந்தால், இந்த வட்டாரத்து அகீகாவைப் பற்றி யாரையாவது விசாரித்தாவது இருப்பாள்.

விருந்து முடிந்த கையோடு வாப்பாவிடம் போனாள். "வௌவால் மலைப் பக்கம் நம்மட ஆக்கள் எப்பயாவது இரிந்ததா வாப்பா?"

"இரிந்ததாவா?" காலிதீன் சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். "மலையடியில நம்மட ஆக்கள்ட காணி எவ்வளவு இரிந்த! தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினையில உட்டுட்டு வந்தாங்க. மறுகா ஒருத்தரும் போகல்ல. இப்ப காடா இரிக்கும்."

மறுநாள் பேராசிரியருக்கு அழைத்து, அது அகீகா ஆடாக இருக்கலாம் என்று சொன்னாள். அவர், "இருக்கலாம் பிள்ள. ஆனா இருக்கலாம் எண்டது ஆதாரமில்ல. அப்பிடிப் பாத்தா அந்தக் கால் எங்க போனது? உங்கட வழக்கத்தில கால எடுக்கிறதும் உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சேர். நேத்து நாலு காலும் சட்டிக்குள்ளதான் கிடந்த."

"அப்ப அவசரப்படாதீங்க."

நாலு காலும் சட்டிக்குள் கிடந்ததே என்பதைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். ஆனால் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சோறு இறங்காத சுபாவம். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவொன்று போட்டாள்: வௌவால் மலைக் குகைக்குள் யாராவது அகீகா கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது குழுவுக்குக் குழு தாவி, கத்தார் போய், சவூதி போய், சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்தது. ஒருவர் சிரித்தார், ஒருவர் குகைக்குள் அகீகா கூடுமா என்று மார்க்கத் தீர்ப்பே சொன்னார். கடைசியில் நிந்தவூரிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"தங்கச்சி, நான் ஜெஸீம், ஃபிரிட்ஜ் திருத்துறவன். நீங்க தேடுற ஆடு என்ட ஆடுதான். எங்கட உம்மா இரிக்கா. வாங்க, அவட்டக் கதைங்க."

நிந்தவூருக்குப் பஸ்ஸில் அதிக தூரமில்லை. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் முஸ்பிறா என்னென்னவோ நினைத்துவிட்டாள். அந்த உம்மா பிழையாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அது வேறு குகையாக இருக்க வேண்டும், ஆடு மாடாக இருக்க வேண்டும். இப்படி ஆசைப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. உண்மையைத் தேடிப் போகிறவள் பொய்யாக இருக்கட்டும் என்று துஆ கேட்டால் எந்தக் கணக்கில் சேர்ப்பது? காரைதீவு தாண்டியதும், நடப்பது நடக்கட்டும் என்று யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஜெஸீமின் உம்மா பஸ்லியா குசினி வாசலில் கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, சுறுசுறுப்பான மனுசி. முஸ்பிறாவைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஜெஸீம் எதிரே பிளாஸ்டிக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தான். நல்ல உயரம். உள்ளூர்க் கழகத்துக்குப் பந்தடிக்கிறவன் என்று அவன் சட்டையே சொன்னது.

"மலையடியில எங்களுக்குக் காணி இரிந்த மகள்," என்று பஸ்லியா தொடங்கினாள். கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "நான் வயித்துல இவன வெச்சிக்கிட்டு வயல் வாடியில இரிந்தன். சிறுபோகம் வெட்டப்போற நேரம் பிரிச்சின வந்திட்டு. றோட்டால ஊருக்கு வர ஏலா. நாலஞ்சு குடும்பமும் ஓடிப்போய் அந்தக் கல்லுக்குகைக்குள்ள பூந்துட்டம். இவன் அதுக்குள்ளதான் பொறந்த."

"ஆடு?"

"கையில புடிச்சிக்கிட்டு வந்த ஒரே ஆடு. ஏழாம் நாள் எங்கட ஆள் சொன்னாரு, அல்லாஹ் புள்ளயத் தந்திரிக்கான், அறுப்பம் எண்டு. ஆம்புளப் புள்ளைக்கு ரெண்டு குடுக்கோணும். இரிந்தது ஒண்டு. உப்புப் போட்டு அவிச்ச. கனநாளா மரவள்ளிக் கிழங்கத் திண்டு கிடந்த சனம் மகள். புள்ளையள் எலும்பக் கையில வெச்சிக்கிட்டு, உடைச்சித் தாங்க, உள்ளுக்கு மச்சை இரிக்கி, உடைச்சித் தாங்க எண்டு அழுவுதுகள். நான் உடைக்க உடல்ல. நல்லாச் சப்பிப்போட்டுத் தாங்க எண்டு எல்லாத்தையும் எண்ணி வாங்கின. மறுகா குகைக்குள்ளேயே குழி தோண்டித் தாத்த."

குகையின் எந்தப் பக்கம் என்று கேட்கலாமா என்று முஸ்பிறா யோசித்தாள். அதற்கு வேலை வரவில்லை.

"எல்லாத்தையும் எண்டா, வலது பின்கால் இராது," என்றாள் பஸ்லியா. "அது மருத்துவிச்சிட பங்கு. இப்பதான் எல்லாரும் ஆசுபத்திரியில பெறுறீங்க, அந்த வழக்கம் இல்லாமப் பெயித்து. அந்தக் காலத்துல அகீகா ஆட்டுட வலது கால மருத்துவிச்சிக்குப் பச்சையாக் குடுக்கோணும். இவனப் புடிச்செடுத்தது கண்மணி அக்கா, தமிழ் ஆள். அவவும் பயந்து எங்களோடதான் ஒளிச்சிரிந்த. அவ கால எடுத்துக்கிட்டுக் காட்டுப் பாதையால அவட ஊருக்குப் போனா. அத உடைச்சித்தான் திண்டிருப்பா, பாவம். அது பறவாயில்ல, குடுத்தது குடுத்ததுதான்."

அந்தக் காலைப் பற்றி முஸ்பிறாவும் பேராசிரியரும் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெளிநாடும் கலாநிதிப் பட்டமும் அந்தக் குசினி வாசலிலேயே முடிந்துபோயின. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு. கைகளில் மயிர் கூச்செறிந்தது. இத்தனை நாளாக அவளைப் போட்டு வாட்டிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த ஆடு யாருடையது, ஏன் உடைக்கவில்லை, கால் எங்கே போனது, எல்லாம் தெரிந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அந்த நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இனி அது எங்களுக்குத் தேவைப்படாது மாமி," என்றாள். "சேர்ட்டச் சொல்லிப்போட்டுப் பெட்டியோட கொண்டுவந்து தாறன். நீங்க மறுகா மண்ணுக்குள்ள தாத்திடுங்க."

பஸ்லியாவின் முகம் மலர்ந்தது. "அல்லாஹ் ஒனக்கு நல்லதச் செய்யட்டும். முழுசாத்தானே மகள் இரிக்கி? ஒண்டும் உடையல்லதானே?"

ஜெஸீம் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். முஸ்பிறாவின் கண் தன் பாட்டில் அந்தக் காலுக்குப் போனது. இடது கால். ஓம் என்று சொல்லிவிடலாம். பெட்டிக்குள் கிடக்கிற இரண்டு துண்டையும் பசை வைத்து ஒட்டினால் இந்த மனுசிக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு விரலளவு குறையும், அவ்வளவுதான்.

"ஒண்டு உடைஞ்ச மாமி," என்றாள். "நான்தான் அறுத்த. இடது பின்கால்."

பஸ்லியா மகனைப் பார்த்தாள். அவன் ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "எனக்கு ஒண்டுமில்ல உம்மா," என்று எழும்பி, அந்த ஒற்றைக் காலில் நின்றும் காட்டினான். பஸ்லியா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. முஸ்பிறாவின் பக்கம் திரும்பி, விளங்காமல்தான் கேட்டாள்.

"அவ்வளவு பசியிலயும் நாங்க உடைக்கல்லயே மகள். நீ என்னத்துக்கு உடைச்ச?"

"அதுட வயசு பாக்க மாமி."

"வயசா?" என்றாள் பஸ்லியா. "அதத் தாத்து இவன்ட வயசுதான் ஆகுது. என்னட்ட வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."